கிளினிக் கொப்பி

ஆறு வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு 81 வயது, வீட்டில் தனியாள். பிள்ளைகள் ஒன்று லண்டன், மற்றது எங்களோடு ரொறன்ரோ. போனமுறை நான் கண்ட ஊர் முதியோர் சங்கம் என்பது, சனசமூக நிலையத்து விறாந்தையில் ஒரு வாங்கு, அதில் நாலைந்து கிழவர்கள், ஆளுக்கொரு தாளாகப் பிரித்தெடுத்த பேப்பர், அவ்வளவுதான். இந்தமுறை வாசலில் கால்வைக்க இடமில்லாமல் செருப்புகள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளுக்காகவே வந்தது. அதன் பிறகுதான் கிராம அலுவலர் பிரிவுகளிலும் முதியோர் குழுக்கள் அமைந்தன. எங்கள் ஊரிலும் இருந்தது, கடதாசியில். ஒக்ரோபர் முதலாம் திகதி முதியோர் தினத்துக்கு மாலை, கேக், படம். மற்ற நாளெல்லாம் பூட்டு.

பூட்டைத் திறந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர். பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. வீடு வீடாகப் போய், "கிளினிக்குக்கு ஆரோட போறனீங்கள்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அங்கேதான் சிக்கல். அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் விடியவே போய் நம்பர் எடுத்து, வருத்தமும் மருந்தும் எழுதும் கிளினிக் கொப்பியைக் கொடுத்து, மத்தியானம் வரை வாங்கில் இருக்க வேண்டும். கூட ஆளில்லாதவர்கள் போகாமலே விட்டு, பழைய பிரஷர் குளிசையைப் பாதியாக முறித்துப் போட்டிருக்கிறார்கள். இப்போது ஒரே நாள் கிளினிக் உள்ள மூன்று பேருக்கு ஒரு ஓட்டோ, காசு பங்கு. கூடவே கொஞ்சம் தெம்பான ஒருவர். பிரதேச செயலகத்தில் 60 வயதுக்காரருக்குக் கொடுக்கும் முதியோர் அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்புவதும் இவர்கள்தான். அங்கத்தவர் பெயர்கள் இரண்டாவது கொப்பிக்கு வந்துவிட்டன.

செவ்வாய் பின்னேரம் கூட்டம். ஒரு முன்னாள் நேர்ஸ் பிரஷர் பார்த்து, கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறார். சீனி போடாத பிளேன்ரீ. அதற்குப் பெரியம்மாவின் முறைப்பாடு தனி.

எனக்கு வெட்கமாக இருந்தது சங்கத்தின் புது மண்டபத்தில். வெளிநாட்டுக் காசு, என் 200 டொலரும் அதில் உண்டு. கொடையாளர் பெயர்கள் கருங்கல்லில் மினுங்குகின்றன. கக்கூசுக்கு மூன்று படி, பிடிக்கக் கம்பியில்லை. முழங்கால் நோக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். கம்பிக்கு எவ்வளவு என்று கேட்டேன். தபாலதிபர் அம்மா காசை வாங்கிக்கொண்டு ரசீதும் எழுதித் தந்தார். அந்தப் பழக்கம் போகாது போல.

திரும்பும் முன் ஒரு வியாழன், நல்லூருக்குப் போவோம் என்று பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"வியாழன் ஏலாது பிள்ளை. முன்வீட்டு மனிசிக்குக் கண் தெரியாது, கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறது."

மேசையில் இரண்டு கிளினிக் கொப்பிகள் கிடந்தன. ஒன்றுதான் அவருடையது.