டெஸ்டோஸ்டிரோன் ஊசியோடு எதைச் சேர்ப்பது: எச்சிஜியா, அனஸ்ட்ரோசோலா?

டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு உறுதியாகி ஊசி போடத் தொடங்கும் ஆண்களுக்கு அடுத்து வரும் கேள்வி, கூடவே வேறு மருந்தும் வேண்டுமா என்பது. டாக்டரோடு பேசியபோது மூன்று பெயர்கள் வந்தன: எச்சிஜி (hCG, ஊசியாகப் போடும் ஒரு ஹார்மோன்), அனஸ்ட்ரோசோல், க்ளோமிஃபீன். நான் எச்சிஜியைத் தேர்ந்தெடுத்தேன். சில வருடம் கழித்து இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இருக்கிறது. அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ஊசியால் சோர்வு குறைவது, தாம்பத்திய ஆசை திரும்புவது, காலையில் இரண்டு தனித்தனி நாட்களில் ரத்தம் கொடுத்துக் குறைபாட்டை உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும் என்பது எல்லாம் பலருக்கும் தெரிந்ததே. நான் நின்று பேச நினைப்பது விந்தணு பற்றி.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விதையைத் தூண்டும் ஹார்மோன்களான எல்எச் (LH), எஃப்எஸ்எச் (FSH) இரண்டையும் வெகுவாகக் குறைத்துவிடும். விந்தணு உருவாக விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். எல்எச் வராவிட்டால் அந்த அளவு சரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அருமையாக இருக்கும். விந்துப் பரிசோதனையில் ஒரு அணுகூட இல்லாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பிவிடும். ஆனால் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

எச்சிஜி இங்கேதான் உதவுகிறது. எல்எச் செய்யும் வேலையை அது விதையில் நேரடியாகச் செய்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போட்ட ஆண்களுக்கு விதைக்குள் இருந்த அளவு 94 சதவீதம் விழுந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 250 யூனிட் எச்சிஜி சேர்த்தவர்களுக்கு 7 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் அது 29 பேரை மூன்று வாரம் மட்டும் பார்த்த ஆய்வு. அதை வைத்துக் குழந்தை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அனஸ்ட்ரோசோல் அடிப்படையில் மார்பகப் புற்றுநோய் மாத்திரை. டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரடையாலாக (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) மாறுவதைத் தடுக்கும். மார்பு வீங்கி வலிக்கும் ஆண்களுக்கு டாக்டர்கள் கொடுப்பதுண்டு. நான் அதைச் சாப்பிட்டதில்லை, படித்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரடையால் சற்றே கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆணின் எலும்புக்கும் ஆசைக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. ஒரேயடியாக இறக்கினால் எலும்பு அடர்த்தி குறையும். தவிர, டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடரும்வரை எல்எச் அடங்கியேதான் இருக்கும், ஆகவே விந்தணுவைக் காப்பாற்ற இந்த மாத்திரையை நம்ப முடியாது. எச்சிஜியும் ஈஸ்ட்ரடையாலை ஏற்றும் என்பது உண்மைதான். அப்படி ஏறினால் முதலில் ஊசியின் அளவைக் குறைத்தோ பிரித்துப் போட்டோ பார்க்கலாம் என்பதே என் டாக்டரின் வழி.

க்ளோமிஃபீன் ஊசியோடு சேர்க்கும் துணை மருந்தாக அல்ல, ஊசிக்குப் பதிலான மருந்தாகவே பொருந்தும். பிட்யூட்டரியைத் தூண்டி உடலையே சுரக்க வைப்பதுதான் அதன் வேலை. வெளியிலிருந்து ஊசி அதை அடக்கிக்கொண்டிருக்கும்போது பெரிய பலன் இருக்காது. இப்போதே குழந்தைக்கு முயல்பவர் டெஸ்டோஸ்டிரோன் பக்கமே போகாமல் இதைப் பற்றியோ தனி எச்சிஜி பற்றியோ கேட்கலாம். பார்வை மங்கினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பராமரிப்பில் எச்சிஜிதான் அதிகத் தொல்லை. பொடியாக வரும் குப்பியில் ஊசிக்கான கிருமி நீக்கிய தண்ணீரைக் கண்ணாடிச் சுவரோரமாக மெதுவாக விட வேண்டும். குலுக்காமல் உருட்டிக் கரைக்க வேண்டும். கரைத்ததை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைக்கிறேன், கதவு திறந்து மூடும்போது சூடு மாறுகிறது. கரண்ட் போனால் அந்தக் குப்பிதான் முதலில் நினைவுக்கு வரும். வாரத்தில் பலமுறை வயிற்றில் சிறு ஊசி, தனிச் செலவு வேறு. மாத்திரை விழுங்குவதோடு ஒப்பிட்டால் இது கூடுதல் வேலைதான்.

எதைச் சேர்த்தாலும் ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்ப்பதை விடக் கூடாது. 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தச் சொல்வார்கள். குழந்தை யோசனை துளியாவது இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே விந்துப் பரிசோதனை செய்து, கையில் பணம் இருந்தால் விந்தணுவை உறைய வைத்துவிடுங்கள்.