ஓசூர் லேடீஸ் ஹாஸ்டல்: மூன்று ஸ்டார்

பென்னாகரத்திலிருந்து சிப்காட் வேலைக்கு வந்து எட்டு மாதமாக இங்கேதான் தங்கியிருக்கிறேன். மாதம் 5,500 ரூபாய், நாலு பேருக்கு ஓர் அறை. தண்ணீருக்குக் குறையில்லை. புதன்கிழமை களியும் கீரைக் குழம்பும் அம்மா கைப்பக்குவம். பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் காசு கிடையாது, அந்தச் செலவும் மிச்சம்.

கேட்டில்தான் வம்பு. ஒன்பது மணிக்குப் பூட்டு. எனக்கு இரண்டாம் ஷிப்ட் முடிவதே பத்துக்கு. கம்பெனி ஐடி கார்டைக் காட்டினாலும், "அப்பாவைப் பேசச் சொல்லும்மா" என்கிறார் வார்டன். அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதே நான்தான்! எதிரே ஆண்கள் விடுதியில் கேட்டே இல்லை. ஷிப்ட் வேலைக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சாவியைப் பற்றிப் பேசிவிடுங்கள். அப்புறம், மொட்டை மாடி அறை வேண்டாம், ஏப்ரலில் வெந்துவிடுவீர்கள்.