டைப் 1 நீரிழிவில் இன்சுலின் எதிர்ப்பு: மெட்ஃபார்மினா, டாபாகிளிஃப்ளோசினா, லிராகுளுடைடா?

60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 80 யூனிட் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் இன்சுலின் எதிர்ப்பை, அதாவது போட்ட இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாததை, சந்தேகிக்கலாம். கிலோவுக்கு 1 யூனிட்டைத் தாண்டுவது பொதுவான அடையாளம். பருவ வயதில் மட்டும் 1.5 வரை போவது சகஜம்.

மாத்திரைக்குப் போகுமுன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போடும் இடத்தில் ரப்பர் போல் தடிப்பு இருந்தால், இன்சுலின் அங்கேயே தேங்குகிறது. ஊசியை வேறு இடத்துக்கு மாற்றும்போது பழைய அளவையே போட்டால் லோ ஆகிவிடும், அதாவது சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். சிரிஞ்சையும் பாருங்கள். யு-40 (மில்லிக்கு 40 யூனிட்) குப்பி மருந்தை, மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட, ஆரஞ்சு மூடி யு-100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். இது எதிர்ப்பே அல்ல!

இரண்டும் சரியாக இருந்தால் முதலில் மெட்ஃபார்மின். விலை மலிவு, ஆபத்து குறைவு, பலனும் குறைவு. 2017-இல் வெளியான ரிமூவல் ஆய்வில் 40 வயதைக் கடந்தவர்கள் தினம் 2 கிராம் வீதம் 3 ஆண்டு எடுத்தார்கள். எடை ஒரு கிலோ அளவில் குறைந்தது. ஹெச்பிஏ1சி-யில் (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) தெரிந்த இறக்கம் நிலைக்கவில்லை. வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது.

டாபாகிளிஃப்ளோசின் ஆசை காட்டும் மருந்து. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் மீட்டரில் எண் அழகாகத் தெரியும். அதை நம்பி இன்சுலினை அதிகம் வெட்டினால், உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கும் அமிலமான கீட்டோன் ஏறும். மீட்டர் 180 காட்டும், ஆள் வாந்தி எடுத்து மூச்சிரைப்பார். வீட்டில் யாரும் சர்க்கரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையை நம்ப வேண்டாம், முக்கியமான கீட்டோனை அது பார்ப்பதே இல்லை. ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். 3 என்றால் நேராக அவசரப் பிரிவு. ஐரோப்பா 2019-இல் டைப் 1-க்கு 5 மில்லிகிராமை அனுமதித்தது; 2021-இல் அந்த அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. கீட்டோன் மீட்டர் இல்லாத வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன்.

பருமனானவருக்குப் பசியைக் குறைக்கும் ஊசியான லிராகுளுடைடு பொருந்தலாம், டைப் 1-க்கான அனுமதி இல்லாவிட்டாலும். தினம் 1.8 மில்லிகிராம் போட்டவர்களுக்கு ஓராண்டில் சுமார் 5 கிலோ குறைந்தது. லோவும் கீட்டோனும் கூடின. சிக்கல் சாப்பாட்டு நேரத்தில். நான்கு இட்லிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, குமட்டலில் இரண்டோடு எழுந்தால் லோ நிச்சயம். ஆரம்ப வாரங்களில் சாப்பிட்ட பிறகு இன்சுலின் போடுவதே மேல்.

இவற்றோடு தினம் 45 நிமிட வேகநடையும் வேண்டும். அதன் பலன் மறுநாள் வரை நிற்கும். மாலையில் நடந்தால் இரவு 2, 3 மணிக்கு லோ வரலாம். அன்றைய நீண்டநேர இன்சுலினைச் சுமார் 20 சதவீதம் குறைப்பது பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள்.