ஒரே துப்பாக்கி, இரண்டு வேலை: 9 ஆண்டு அனுபவம்

டெக்சாஸில் குடியிருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வரும்போதெல்லாம் தம் .357 மேக்னம் ரிவால்வரின் பெருமையைப் பேசாமல் விமானம் ஏறியதில்லை. 1935இல் வந்த அந்த ரகத்தில் சற்றுக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம் என்பதால், பயிற்சிக்கு மென்மையான தோட்டா, மான் வேட்டைக்கு வலுவான தோட்டா என ஒரே கைத்துப்பாக்கி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் போதும் என்பார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 8 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருக்கும் எனக்கு அந்தத் தெரிவுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது. எனக்கு வாய்த்தது, மலாய்க்காரர்கள் ‘செனாபாங் பாத்தா’ என்று சொல்லும், நடுவில் மடங்கும் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி.

மறுநடவு செய்த கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்ற ஆண்டில்தான் அதன் அருமை தெரிந்தது. 12 போரில் பல்திறன் துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. பன்றிக்கு, தோட்டாவுக்குள் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள பெரிய ரவை, அதாவது உலோகக் குண்டுகள்; பறவைக்குப் பொடி ரவை. பெரிய ரவையையும் 30 மீட்டருக்கு அப்பால் நான் நம்புவதில்லை, ஏனெனில் ரவைகள் விரிந்துபோய் விலங்கு காயத்தோடு ஓடிவிடும். வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேறு வேண்டும்.

குறை என்று சொன்னால், நம் ஊர் ஈரம்தான். எண்ணெய் பூசித் துடைக்காமல் இரண்டு வாரம் விட்டால் மடக்கும் நெம்புகோலின் அடியில் செம்மண் பூசியதுபோல் துரு படிந்துவிடுகிறது. ஒருமுறை பழைய தோட்டா ஒன்றின் பித்தளை அடி பச்சை பூத்திருந்ததைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். விசையை இழுத்ததும் ‘டிக்’ என்ற ஒலி மட்டுமே வந்தது. தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குழல் வாயைத் தரையை நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடத்துக்கு மேல் நின்றேன். பிறகு திறந்தால், ஊதிப்போன தோட்டா அறையைவிட்டு வர மறுத்தது. பன்றி அதற்குள் ஆற்றங்கரையைத் தாண்டியிருக்கும்.

தற்காப்பு விஷயத்தில் என் எண்ணம் முற்றிலும் மாறிவிட்டது. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்; வீட்டில் துப்பாக்கி இருந்தால் தைரியம் என்ற நினைப்பு எங்கள் ரத்தத்தில் ஊறியது. மூன்றாண்டுக்கு முன் ஒரு நள்ளிரவில் செம்பனைக் குலை திருட ஆள் வந்தபோது, நான் அலமாரிச் சாவியைத் தேடி, துப்பாக்கியை எடுத்து, வேறோர் அறையில் பூட்டியிருந்த தோட்டாப் பெட்டியைத் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் பெரிய சாலையைத் தொட்டுவிட்டது. குழல் மட்டுமே 28 அங்குலம். அவசரத்தில் வாசல் நிலையில் இடித்துக்கொண்டேன். கையில் நிரப்பியே இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? தண்டனைச் சட்டம் தரும் தற்காப்புரிமை, ஓடுகிறவனின் முதுகில் சுடுவதற்கானது அன்று. இப்போது களத்துமேட்டில் விளக்கு போட்டிருக்கிறேன், இரண்டு நாய்கள் இருக்கின்றன. துப்பாக்கியைப் பன்றிக்கு மட்டுமே எடுக்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு வந்த மைத்துனர், “ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டுமா, மாப்பிள்ளை?” என்று கேட்டார். உரிமம் என் பெயரில் மட்டுமே இருப்பதால் அதற்கும் வழியில்லை என்று சொல்லி, அலமாரியைப் பூட்டினேன்.