நியூட்டன் தடுமாறினால்: படியைச் சுருக்குவதா, திசையைத் திருப்புவதா?

சமன்பாட்டின் விடையைத் தேட, நிற்கும் இடத்தில் அதை நேர்கோடாகப் பாவித்து, அந்தக் கோடு பூஜ்ஜியமாகும் இடத்துக்குத் தாவுவது நியூட்டன் முறை. விடைக்குப் பக்கத்தில் போய்விட்டால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுற்றுக்குச் சுற்று சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தொல்லையெல்லாம் தூரத்தில் தொடங்கும்போதுதான். நேர்மாறு டேன்ஜன்ட்(எக்ஸ்) = 0 என்ற ஒற்றைச் சமன்பாடே போதும் (விடை 0): 1.5-இல் தொடங்கினால் −1.69, 2.32, −5.11 என்று எகிறிக்கொண்டே போகும்.

இதற்கு முதல் மருந்து லைன் சர்ச். திசை நியூட்டன் சொன்னதேதான். எச்சம் (சமன்பாடு பூஜ்ஜியத்திலிருந்து விலகி நிற்கும் அளவு) குறையாவிட்டால் படியைப் பாதியாக்கு. மேலே முதல் படியைப் பாதியாக்கினால் −0.097-க்கு வந்துவிடுகிறோம், அடுத்த படியில் 0.0006. நாலே வரி நிரல்.

திசையே கெட்டிருந்தால்? கணிதவியலாளர் பவல் 1970-இல் காட்டிய சமன்பாட்டுத் தொகுதியைப் பாருங்கள்: எக்ஸ் = 0; 10எக்ஸ்/(எக்ஸ் + 0.1) + 2ஒய்² = 0. விடை (0, 0). ஜாக்கோபியனின் (பகுதி வகைக்கெழுக்களின் அணி) அணிக்கோவை 4ஒய். (3, 1)-இல் தொடங்கி, ஒவ்வொரு திசையிலும் எச்சம் மிகக் குறையும் இடம்வரை போனாலும், பயணம் (1.8, 0) அருகே செத்துவிடுகிறது. அங்கே அணிக்கோவை பூஜ்ஜியம், நியூட்டன் படியையே கணக்கிட முடியாது. ஆனால் விடையும் அதுவல்ல, எச்சத்தின் பள்ளமும் அதுவல்ல. எக்ஸைக் குறைத்தாலே எச்சம் இறங்கும். நியூட்டன் திசைக்கு அது தெரிவதில்லை.

ட்ரஸ்ட் ரீஜன் ஜெயிக்கும் இடம் இதுதான். நிற்கும் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். நேரியல் மாதிரியை அதற்குள் மட்டும் நம்பு. வட்டம் சுருங்கச் சுருங்க, படி செங்குத்துச் சரிவின் பக்கம், அதாவது எச்சம் மிக வேகமாக இறங்கும் திசைக்கு, திரும்பும். லெவன்பெர்க் (1944), மார்க்வார்ட் (1963) வழியும் இதே குடும்பம். பைத்தானின் கணித நூலகமான சைபையில், சமன்பாடு தீர்க்க எஃப்சால்வ் என்று கூப்பிட்டால் உள்ளே ஓடுவது மின்பேக் என்ற நிரல்தொகுப்பில் உள்ள பவலின் கலப்பு முறை; அதுவும் ட்ரஸ்ட் ரீஜன் வகைதான். ஒரு குறை: மாறிகளில் ஒன்று லட்சத்திலும் இன்னொன்று ஆயிரத்தில் ஒரு பங்கிலும் இருந்தால் வட்டத்துக்கே பொருளில்லை, அளவுமாற்றம் செய்தாக வேண்டும். நியூட்டன் திசை அதற்கெல்லாம் அசையாது.

பிராய்டன் (1965) முறை வேறு சரக்கு. ஜாக்கோபியனைக் கணக்கிடும் செலவை மிச்சப்படுத்தும். தடுமாறும் கணக்கைத் தூக்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் ஓட்டு ட்ரஸ்ட் ரீஜனுக்கு. ஆனால் விடைக்கு அருகிலும் எச்சம் ஒரே விகிதத்தில் மெதுவாகக் குறைந்தால் லைன் சர்ச், ட்ரஸ்ட் ரீஜன் இரண்டையும் தொடமாட்டேன். ஒன்று, விடையிலேயே அணிக்கோவை பூஜ்ஜியம். அல்லது கையால் எழுதிய ஜாக்கோபியனில் பிழை. வட்டத்தின் ஆரத்தை இரண்டு நாள் திருகிவிட்டு, விடுபட்ட ஒரு கழித்தல் குறியைக் கண்டுபிடித்தவன் நான்.