மின்சாரத்தில் ஓடும் மொறிஸ் மைனர்: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

எங்கள் வீட்டுப் பழைய ஆங்கிலேயக் கார் மொறிஸ் மைனர் 1000இன் எஞ்சினை 2023இல் கழற்றிவிட்டு, மின்மோட்டரும் லித்தியம் பற்றரியும் பூட்டினோம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம், சந்தை, ரவுண், கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து அதில்தான் போய்வருகிறோம். “மாத்தலாமோ ரீச்சர், காசுக்குப் பெறுமதியோ?” என்று கேட்பவர்களுக்கு நின்ற நிலையில் பதில் சொல்லி முடிப்பதில்லை. அதனால் விபரமாக எழுதுகிறேன். நாளாந்த ஓட்டம் ஐம்பது கிலோமீற்றருக்குள் முடிகிற வீடு என்றால் தாராளமாக மாற்றலாம். கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா போய்வருகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டுக்கு எண்ணெய் அடிக்கும் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள், ஆனால் பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் வந்தால்தானே அதுவும். அந்த நாட்களில் மாமி சொன்னா: “மண்ணெண்ணையில கார் ஓட்டின சனம் நாங்கள். வேற வழி ஒண்டு பாருங்கோவன்.” அவ சொன்னது உண்மை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் குடாநாட்டில் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பெயரிங்குகள் தேயும். அந்தத் தேய்மானத்தோடுதான் எங்கள் காரும் எங்களிடம் வந்தது. எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்ய ஆகும் செலவைப் பார்த்த பிறகுதான் மின்சாரம் என்ற யோசனை உறுதியானது.

யாழ்ப்பாணம் இதற்கென்றே அமைந்த நிலம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்றம் இல்லை. ரவுணிலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீற்றருக்குள், பருத்தித்துறை முப்பத்தைந்துக்குள். சந்திக்குச் சந்தி நின்று, சைக்கிளுக்கும் லான்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரத்துக்கும் விலத்தி, ஐம்பதில் போகிற றோட்டுகள். பெற்றோல் எஞ்சின் மிக மோசமாக எண்ணெய் குடிப்பது இப்படி நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான். மின்மோட்டருக்கு அதுவே சுகமான ஓட்டம். நிற்கும்போது ஒன்றும் செலவாகாது, கால் எடுக்கும்போது கொஞ்ச மின்சாரம் பற்றரிக்குத் திரும்பி வரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் றோட்டு மறித்துச் சுற்றிப் போகச் சொல்லும் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இனிக் காருக்குள் இருப்பது. 948 சீசீ எஞ்சின் புதிதாக இருந்தபோது 37 குதிரைவலு, அதாவது ஏறத்தாழ 28 கிலோவாட். அதனால் பெரிய மோட்டர் தேவைப்படவில்லை. தொடர்ந்து 15 கிலோவாட் தரக்கூடிய, தேவைப்பட்டால் சிறிது நேரத்துக்கு அதன் இரண்டு மடங்கு தரும் ஆடலோட்ட (ஏசி) மோட்டர் போட்டோம். பழைய கியர்பொக்ஸை அப்படியே விட்டு, கிளச்சை எடுத்து, மோட்டரின் சாஃப்டையும் கியர்பொக்ஸின் சாஃப்டையும் ஒரு கப்ளரால் நேரே இணைத்தார்கள். இரண்டுக்கும் இடையில் வரும் அலுமினியத் தட்டைக் கடைசலில் கொடுத்துச் செய்வித்தோம். முழு வேலையிலும் அதிக நுணுக்கம் வேண்டியது அந்தத் தட்டுத்தான். மயிரிழை மையம் விலகினாலும் பெயரிங் போய்விடும். ரேடியேட்டர், பெற்றோல் தாங்கி, டைனமோ, சைலன்சர் எல்லாம் போய்விட்டன. மீற்றர்க் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருவதால் பழைய மைல் மீற்றர் இன்னும் வேலை செய்கிறது.

பழைய மொறிஸில் 12 வோல்ற் பற்றரியின் நேர்முனைதான் காரின் இரும்புப் பொடிக்கு (உடலுக்கு) போகும். இப்போதைய மின்சாமான் எல்லாம் எதிர்முனைக்கென்றே செய்யப்பட்டவை. அதனால் அந்த வயறிங்கை முதலில் மாற்ற வேண்டியிருந்தது. லைற், ஹோர்ன், வைப்பர் மூன்றுக்கும் கன்வேட்டர் ஒன்று பெரிய பற்றரியிலிருந்து 12 வோல்ற் இறக்கிக் கொடுக்கிறது.

பற்றரி விசயத்தில்தான் நான் அதிகம் கதைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த மாற்றத்தின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. பலர் முதலில் தேடுவது பழைய நிசான் லீஃபின் பற்றரி. இலங்கைக்குள் லீஃப் நிறைய வந்தது, உடைத்த கார்களின் மொடியூல்களும் கிடைக்கின்றன. 24 கிலோவாட் மணி லீஃபில் அப்படி 48 மொடியூல் இருக்கும். ஆனால் லீஃபின் பற்றரிக்குக் குளிர்விக்கும் நீரோட்டம் கிடையாது, வெக்கையில் கெதியாகக் கொள்ளளவு இழக்கும் வகை அது. ஏற்கெனவே எங்கள் வெயிலில் கிடந்து தேய்ந்ததை வாங்கித் திரும்பவும் எங்கள் வெயிலில் ஓடவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. சோலார் வீடுகளுக்கு வரும் லித்தியம் அயன் பொஸ்பேட் செல்தான் எடுத்தோம். ஒரே நிறைக்குச் சக்தி சற்றுக் குறைவு. ஆனால் ஆயுள் கூட, பழுதானாலும் தீப்பற்றி எரியும் ஆபத்து மிகக் குறைவு. 3.2 வோல்ற், 200 அம்பியர் மணிச் செல் 32. மொத்தம் 102 வோல்ற், 20 யூனிற்றுக்கு (கிலோவாட் மணிக்கு) சற்று மேல். பாதி பொனற்றுக்குள், பாதி பின்னால் பெற்றோல் தாங்கி இருந்த இடத்தில். கழற்றிய சாமானின் நிறையும் பூட்டிய சாமானின் நிறையும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததால் பின் வில்லுகளில் கை வைக்கவில்லை.

வீட்டில் வயறிங் தெரிந்த தம்பிமார் தாங்களே செய்யலாம் என்று நினைப்பதுண்டு. அவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நூறு வோல்ற் நேர்மின்னோட்டம் வீட்டுக் கறன்ற் மாதிரி இல்லை. வீட்டு மின்னோட்டம் விநாடிக்கு நூறு தரம் பூச்சியத்துக்கு வந்து போவதால் சுவிச்சில் எழும் பொறி தானாக அணையும். நேர்மின்னோட்டத்தில் அந்தப் பொறி அணையாமல் தொடர்ந்து எரியும், உலோகத்தையே உருக்கும். வீட்டு ட்ரிப் சுவிச்சைக் காரில் போடவே கூடாது. நேர்மின்னோட்டத்துக்கென்று செய்த பியூஸ், கொன்ராக்டர் என்ற மின்காந்தச் சுவிச், சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் ஓர் அவசரத் துண்டிப்பு, இந்த மூன்றும் இல்லாத காரில் நான் பிள்ளைகளை ஏற்றமாட்டேன்.

ஓடும் விதம் முற்றாக மாறிவிட்டது. மொறிஸின் முதல் கியருக்கு, ஓடும்போது பற்சில்லுகளின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்றோ இல்லை, பழைய சாரதிகள் நின்ற பிறகுதான் போடுவார்கள். இப்போது முதல் கியரே தேவையில்லை. மூன்றில் போட்டால் நின்ற இடத்திலிருந்து அறுபது வரை அதிலேயே போகலாம். கோப்பாய்ப் பக்கம் வெளிறோட்டில் மட்டும் நாலாவது. எஞ்சின் சத்தம் போனதும் அதுவரை கேளாத சத்தங்கள் கேட்கத் தொடங்கின: கியரின் முனகல், கதவின் ரப்பர், முன்சில்லின் பெயரிங். ஒழுங்கைகளில் மிகக் கவனம் வேண்டும். சைக்கிளில் போகும் வயதானவர்களுக்கும் ஆடுகளுக்கும் பின்னால் கார் வருவது தெரிவதில்லை. நான் வளைவுகளில் எல்லாம் ஹோர்ன் அடித்துத்தான் திருப்புகிறேன்.

கால் எடுத்தவுடன் மோட்டர் இழுத்துப் பிடித்து மின்சாரம் திருப்பும் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். நாங்கள் குறைத்தே வைத்திருக்கிறோம். மொறிஸ் பின்சில்லில் ஓடுகிற கார். கூட்டி வைத்தால் மழைநாளில் ஈரத் தார் றோட்டில் பின்சில்லு வழுக்கப் பார்க்கும். திரும்பிவரும் சொற்ப மின்சாரத்துக்கு அந்த ஆபத்து பெறுமதியில்லை.

சாதாரணமாக ஒரு யூனிற்றுக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. பற்றரியை அடிவரை இறக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்தாலே 130 கிலோமீற்றர் நம்பிப் போகலாம். காற்று இதை மாற்றும். சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போகும்போது, எதிர்க்காற்றில் யூனிற்றுக்கு ஆறு கிலோமீற்றர் வரை இறங்கும். திரும்பிவரும்போது காற்றே தள்ளிவிடும். இந்தச் செல்களின் வோல்ற்றேஜ் நிறைந்த நிலையிலும் பாதியிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும். வோல்ற் மீற்றரைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கவே முடியாது. உள்ளே போகும் அம்பியரையும் வெளியே வரும் அம்பியரையும் எண்ணும் மீற்றர் அவசியம்.

சார்ஜ் ஏற்றுவது இரண்டு கிலோவாட் அளவான சார்ஜரால், வீட்டுப் பிளக்கில். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டு இரண்டு மணிக்கு வீடு வந்து செருகினால், அன்றைய ஓட்டத்துக்குச் செலவானது வெயில் சாய முதல் ஏறிவிடும். கூரையில் சோலார் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுதும் மின்வெட்டு வந்ததையும், பிறகு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தச் சொல்லிக் கேட்டதையும் எல்லாரும் அறிவோம். நாட்டில் பகல் மின்சாரம் தேவைக்கு மேல் நிற்கிற நேரத்தில் அதைக் காருக்குள் ஏற்றி வைப்பது சரியான செயல் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். சோலார் இல்லாதவர்கள் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் நேரத்துக்கேற்ற கட்டணமுறை எடுத்து, இரவு பத்தரைக்குப் பிறகு ஏற்றலாம். பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரை ஏற்றவே வேண்டாம், அதுதான் விலை கூடிய நேரம். வீட்டு ஏர்த்தையும் சோதிப்பியுங்கள். கோடையில் எங்கள் நிலம் காய்ந்து போகும்போது ஏர்த் கம்பியின் பிடிப்புக் குறையும். மாரியில் சரியாகக் காட்டிய ஏர்த் ஆவணியில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உரும்பிராய்ச் செம்மண் தூசி சாதாரணமானதல்ல. மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கொன்ரோலரின் குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையில் அது படிந்து, ஒருநாள் மத்தியான வெயிலில் கொன்ரோலர் தானாக வேகத்தைக் குறைத்துவிட்டது. இப்போது மாதம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்கிறோம். தீவுப்பகுதிக்குப் போய்வந்தால் உப்புக்காற்றுப் பட்ட முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுகிறோம். மாரியில் ஒழுங்கைக்குள் சில்லின் அரைவாசிக்குத் தண்ணீர் நின்றால் இறக்குவதில்லை. மோட்டர் தாழ இருக்கிறது.

பெரிய பழுது என்று இரண்டைச் சொல்லலாம். முதலாவது கப்ளர். கால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் ‘டொக்’ என்றொரு சத்தம் வரத் தொடங்கியது. பெற்றோல் எஞ்சினில் கிளச் வாங்கிக்கொண்ட அடியெல்லாம் இப்போது நேரே கப்ளரில் விழுவதால், உள்ளே பிடித்திருந்த இரும்புக்கட்டை தேய்ந்து இளகிவிட்டது. கழற்றி, இறுக்கிப் பிடிக்கும் கூம்பு வகைக் கப்ளர் செய்வித்துப் போட்ட பிறகு சத்தம் இல்லை. இரண்டாவது, 12 வோல்ற் கன்வேட்டர் இரவில் பழுதாகி லைற் மங்கியது. சிறிய 12 வோல்ற் பற்றரி ஒன்றைத் துணைக்கு வைத்திருந்ததால் வீடு வந்து சேர்ந்தோம். அந்தச் சின்னப் பற்றரியைத் தேவையில்லை என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

செல்களில் இதுவரை எனக்குத் தெரியும்படியான இறக்கம் இல்லை. வழக்கமாகத் தொண்ணூறு வீதத்தில் நிறுத்துகிறோம். செல்கள் தங்களுக்குள் சமப்படுவதற்காக இடைக்கிடை மட்டும் முழுதாக ஏற்றுகிறோம். மின்சாரமானதால் பழைய காரின் மற்றத் தேவைகள் நின்றுவிடவில்லை. முன்சில்லுத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் சில்லு கழன்று மடங்கும், அது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

செலவில் பாதியளவு பற்றரிக்கே போனது. ஓட்டக் கணக்கு இப்படி: 2025இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாவைச் சுற்றி நின்றபோது, ரவுண் ஓட்டத்தில் பன்னிரண்டு கிலோமீற்றர் கிடைத்தால் கிலோமீற்றருக்கு 25 ரூபா. யூனிற்றை 60 ரூபா என்று எடுத்து, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தாலும் ஒன்பது ரூபாவைத் தாண்டாது. ஒயில், பிளக், பொயின்ற், கார்பரேட்டர் செலவுகளும் இல்லை. போட்ட காசு திரும்ப எத்தனை வருடமென்று பார்த்தால் ஓட்டம் குறைந்த வீட்டுக்கு நீளத்தான் செய்யும். ஏசியும் எயார்பாக்கும் வேகமும் வேண்டுமென்றால் பாவித்த மின்கார் ஒன்றை வாங்குவதே நல்லது. நல்ல பொடியும் போன எஞ்சினும் கொண்ட கார் கையில் இருந்தால் மாற்றுவது நல்லது. சசியில் (அடிச்சட்டத்தில்) துரு ஏறிய காருக்கு ஒரு சதமும் போடாதீர்கள்.

மாருதி 800, அல்ரோ வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அவற்றில் பிறேக்கின் பூஸ்ரர் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் போனால் மின்சார வக்குவம் பம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் பிறேக் கல்லாகிவிடும். ஏசிக் கொம்பிரசருக்கும் பெல்ற்றுக்குப் பதில் வேறு வழி செய்ய வேண்டும். மொறிஸில் பூஸ்ரரும் இல்லை, பவர் ஸ்ரேறிங்கும் இல்லை, ஏசியும் இல்லை. அதனால் வேலை பாதி குறைந்தது.

கடதாசி வேலைகளை முதலில் செய்யுங்கள். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் வாகனப் புத்தகத்தில் பதிவாகி இருப்பவை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எழுத்தில் வராமல் ஒரு ஆணியையும் கழற்ற வேண்டாம். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் அறிவித்து, மாற்றிய காருக்கே காப்புறுதி என்று பத்திரத்தில் போடுவித்துக்கொள்ளுங்கள். கழற்றிய எஞ்சினை நாங்கள் விற்கவில்லை. ஒயில் பூசிக் கட்டி வைத்திருக்கிறோம், இலக்கம் பார்க்க வருபவருக்குக் காட்ட வேண்டும்.