செல்லோடேப் ஒட்டிய இசைத்தட்டை வாங்காதீர்கள்

லண்டனில் சாரிட்டி கடை சாரிட்டி கடையாக ஏறி இறங்கி பழைய ரெக்கார்டும் சிடியும் தேடுகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 25 பவுண்ட். அதுவும் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் ஒரு கடையில் நாலு பேர் முன்னால் என்னை ஏமாற்றுக்காரன் போலப் பேசினார்கள். அப்பாவுக்குக் காட்டிய ஆசையும் காற்றில் போயிற்று. உங்களுக்கும் இது நடக்க வேண்டாம்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனங்கள் வேண்டாம் என்று கொடுக்கும் பொருளை விற்று, அந்தப் பணத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கோ அனாதை நாய்களுக்கோ செலவிடுகிற கடைகள் இவை. ஆக்ஸ்ஃபாம் 1940-களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் ஆரம்பித்த கடை இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. (நான் சொல்லப்போவது அவர்கள் கடையைப் பற்றி இல்லை. எந்தக் கடை என்று எழுதப்போவதும் இல்லை.) கவுண்டரில் நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலன்டியர்கள், பாதிப் பேர் ஓய்வு பெற்ற பாட்டிமார்கள். பழைய துணி, ஜிக்சா, தேநீர்க் கோப்பை எல்லாம் தாண்டிக் கடைசி மூலையில், தரையோடு தரையாக ஒரு பெட்டி இருக்கும். அதற்குள்தான் இசைத்தட்டுகள். மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்துக்கு எட்டு ஜேம்ஸ் லாஸ்ட், ஜிம் ரீவ்ஸ் மாதிரிப் பழைய மேற்கத்திய இசைக்காரர்கள், பிராஸ் பேண்ட் (பித்தளை ஊதுவாத்தியக் குழு), கிறிஸ்துமஸ் பாட்டு.

ஆனால் வடமேற்கு லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி பக்கம் கதை கொஞ்சம் வேறு. அறுபது, எழுபதுகளில் இந்தியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. பெட்டியோடு சாரிட்டி கடை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சான, எச்.எம்.வி. கம்பெனியின் நாய் படம் போட்ட தட்டுகள் இங்கே கிடைப்பது இப்படித்தான். வாலன்டியருக்கு உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. எல்லாம் 'வேர்ல்ட் மியூசிக்' என்ற ஒரே அட்டைக்குப் பின்னால் போய்விடும்.

போன அக்டோபரில் அப்படியொரு கடையில் கண்ணாடி அலமாரிக்குள் காருகுறிச்சி அருணாசலம் இருந்தார். நாதஸ்வர எல்.பி. உறையின் ஓரம் மட்டும் சற்றே பழுப்பேறியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயை செல்லோடேப்பால் குறுக்கே ஒட்டி, '25 பவுண்ட், நல்ல நிலை' என்று கையால் எழுதிய சீட்டு வைத்திருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காருகுறிச்சியார் 1964-ல் காலமானவர்; அப்பா சின்ன வயதில் அவர் வாசிப்பைக் கோயில் திருவிழாவில் நேரில் கேட்டவர். அதை இன்றைக்கும் நேற்று நடந்தது போலத்தான் சொல்வார். தட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது என்றால் மிகையில்லை.

இங்கேதான் தப்பு செய்தேன். திறந்து பார்க்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கவுண்டரில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா, சம்பளம் இல்லாமல் நிற்கிறவர். எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசை. தர்ம காரியத்துக்குப் போகிற பணத்தில் போய் இவ்வளவு கறார் காட்டுவதா என்று ஒரு சங்கோஜம். கறிக்கடையில் எலும்பு கூடிவிட்டது என்று சண்டை போடுகிற அதே நான், அங்கே கார்டைத் தட்டிவிட்டு 'தேங்க்யூ' சொல்லி வெளியே வந்தேன். மெனக்கெட்டு நன்றி வேறு.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே மாலை நான்கு மணி, அங்கே இரவு எட்டரை. உறையைக் காட்டினேன். "எலே, காருகுறிச்சியாரா? எங்கன கெடச்சுது?" என்று கேட்டவர், டிவியை அணைக்கச் சொல்லி அம்மாவிடம் சைகை காட்டினார். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் சாய்த்து வைத்து, தட்டை உருவிப் பிளேயரில் போட்டு, ஊசியை இறக்கினேன். லேபிளை நான் பார்க்கவேயில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து விநாடி கரகரப்பு. அப்புறம் 'பாம்' என்று ஊதிக்கொண்டு வந்தது ஒரு இங்கிலீஷ் பிராஸ் பேண்ட். கிறிஸ்துமஸ் கீதம்.

அப்பா கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டார். பிறகு, "எலே, பேண்டு வாத்தியம்லா கேக்கு?" என்றார்.

திங்கட்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றைக்கு மேனேஜர் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்: பார்த்தபடி விற்கப்பட்டது, பணம் திருப்பித் தரப்படாது. ஒட்டி வைத்ததை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: "நீங்கள் வீட்டில் மாற்றி வைத்துவிட்டு வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?" கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரசீதை நீட்டினேன். அதில் 'மியூசிக் - 25.00' என்று மட்டும் இருந்தது. என்ன தட்டு என்று ஒரு எழுத்து இல்லை. கடைசியில் பாதித் தொகைக்கு வவுச்சர் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாக ரெக்கார்ட் சேர்க்கிறவர். அவரிடம் புலம்பினேன்.

"தம்பி, காசு குடுக்க முதல் தட்டை வெளியில எடுத்துப் பாக்கேல்லையோ?"

"ஒட்டியிருந்தது அண்ணை."

"ஒட்டியிருந்தா உரிக்கச் சொல்லவேணும். மீன் வாங்கேக்க செவுளைத் தூக்கிப் பாக்கிறம்தானே? அப்ப மட்டும் வெக்கம் வாறதில்லை."

பதிலே சொல்ல முடியவில்லை. அவர்தான் சட்டத்தையும் சொன்னார். அந்தப் பலகையைப் பார்த்துப் பயந்து வந்துவிடாதீர்கள். இங்கே 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு, சாரிட்டி கடைக்கும் உண்டு. சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் ஒன்று என்றால் 30 நாளைக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எந்தப் பலகையும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் மனசு மாறிவிட்டது, பாட்டு பிடிக்கவில்லை என்றால் நேரில் வாங்கியதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அது கடைக்காரர் மனசு. இணையத்தில் வாங்கியிருந்தால் பொருள் வந்து 14 நாள் வரை காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காகத்தான் அண்ணை விலை கூடிய தட்டு என்றால் சாரிட்டிகளின் இணையக் கடையில் மட்டும் வாங்குகிறார். தனி ஆளிடம் வாங்குவதற்கு இந்தப் பாதுகாப்பு ரொம்பக் குறைவு, அதையும் சொல்லிவைக்கிறேன்.

அவர் சொன்னபடி தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நல்லவேளை, அலமாரியில் இருந்தபோதே ஆசைக்கு ஒரு போட்டோ எடுத்திருந்தேன். செல்லோடேப், விலைச் சீட்டு எல்லாம் அதில் விழுந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்தப் போட்டோதான், ரசீது இல்லை. வாங்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் பொருளின் பெயரைக் கையால் எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலான வாலன்டியர்கள் சிரித்துக்கொண்டே எழுதித் தருகிறார்கள். கேட்பதற்குத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

இப்போதெல்லாம் நான் வெட்கப்படுவதில்லை. உரிக்கச் சொல்லித் தட்டை வெளியே எடுக்கிறேன். முதலில் உறையில் இருக்கும் எண்ணும் லேபிளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழவழப்பான வளையம் இருக்கிறதே, அங்கேயும் ஒரு எண் பொறித்திருக்கும். பல தட்டுகளில் லேபிள் எண்ணே அங்கேயும் இருக்கும், வேறாக இருந்தால் லேபிளில் சிறிய எழுத்தில் தேடினால் கிடைக்கும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பேன். மேலோட்டமான மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகம் வைத்தால் தட்டுகிற கீறல் என்றால் ஊசியும் தட்டும். கண்மட்டத்தில் படுக்கவைத்துப் பார்த்தால் வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்திக் கால் மாதிரி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், வீட்டில் விடிய விடிய ஓடிய தட்டு. அதை 'புதுசு மாதிரி' என்று விலை போட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். இன்னொரு எரிச்சல், 'கிஃப்ட் எய்ட்' ஸ்டிக்கர். வரி கட்டுகிறவர் கொடுத்த பொருள் என்றால் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் வருகிறது, நல்லதுதான். ஆனால் அதை நேராகப் பழைய அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். உரித்தால் படத்தோடு வரும். ஹேர் டிரையரை லேசாகக் காட்டி, மெதுவாக ஒரு முனையிலிருந்து உரிக்க வேண்டும்.

சிடி விஷயத்தில் வேறு வகை ஏமாற்றம். இதில் கடைக்காரர் மேல் பழி போட மாட்டேன், அவருக்கே தெரியாது. ஒரு முறை ஒரு பவுண்ட் விலையில் பதினோரு மேற்கத்தியச் சாஸ்திரிய சிடிகள் அள்ளி வந்தேன். பெட்டியெல்லாம் பளபள. வீட்டில் திறந்தால் நாலு சிடி ஃபில்டர் காபி நிறத்தில் இருந்தன. முதல் பாட்டுகள் ஒழுங்காக ஓடும். கடைசிப் பாட்டு வரும்போது பொரி வறுக்கிற மாதிரி சத்தம். பிறகுதான் தெரிந்துகொண்டேன். லங்காஷயரில் பிளாக்பர்னில் இருந்த பி.டி.ஓ. தொழிற்சாலையில் சுமார் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் பலவற்றுக்கு இந்த வியாதி. மேலே பூசிய லாக்கர் என்ற பாதுகாப்புப் பூச்சு, உள்ளே வைக்கிற தாளில் இருக்கும் கந்தகத்தைத் தாங்கவில்லை. உலோகப் பூச்சு ஓரத்திலிருந்து உள்நோக்கி அரிக்கத் தொடங்குகிறது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பாட்டு முதலில் சாகிறது. நடு வளையத்தில் 'மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.' என்று பொடி எழுத்தில் இருந்தால் நிறத்தைப் பாருங்கள். அந்த எழுத்து இருக்கிற எல்லாமே கெட்டவை இல்லை. வெள்ளியாக மின்னினால் தாராளமாக வாங்கலாம்.

கூடவே வெளிச்சத்தை நோக்கி சிடியைப் பிடித்து ஊசி ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள். எல்லோரும் அடிப்பக்கக் கீறலைத்தான் தேடுகிறார்கள். அதைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். எழுத்து இருக்கும் மேல்பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் அதோடு சரி, ஏனென்றால் உலோகப் பூச்சு அந்தப் பக்கம்தான் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னினால் வீட்டுக் கணினியில் பதிவு செய்த நகல். நம் ஊர்ப் பாட்டு சிடிகளில் இது சகஜம், ஜெராக்ஸ் உறையோடு வரும். இரட்டை சிடி என்றால் இரண்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது.

பணம் வந்த பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் அந்தக் கடைக்கே மறுபடி போனேன். மேனேஜர் இல்லை, அந்த வயதான அம்மாதான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்பவே சங்கடப்பட்டார். திருட்டுப் போகாமல் இருக்கத் தட்டுகளைத் தனியாகவும் உறைகளைத் தனியாகவும் வைத்திருந்தார்களாம். புதிதாக வந்த பையன் ஒருவன் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறான். அப்படியென்றால் என் நாதஸ்வரம் அந்தப் பிராஸ் பேண்ட் உறைக்குள்தானே இருக்க வேண்டும்? இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து ஒரு பவுண்ட் பெட்டி முழுவதையும் துழாவினோம். இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: தொப்பி போட்ட ஒரு தாத்தா அதை வாங்கிப் போனார், கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போதுதான் போடப்போவதாகச் சொன்னார்.